மனை நாயின் உணவும் நலமும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் நாயில்லாத் தெருவைக் காண்டல் அரிது. நகரின் மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் கடைத் திண்ணையோரம் ஒன்று சுருண்டு படுத்திருக்கும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்ப்புறங்களிலோ ஆட்டுக்கிடைக்கு ஒன்றும், கிணற்றடித் தோட்டத்திற்கு ஒன்றும், வீட்டு வாயிலுக்கு ஒன்றுமாக நின்று காவல் செய்யும். பைரவரின் ஊர்தியாகக் கோயிலுக்குள் இடம்பெற்றதும், கருப்பசாமியின் வேட்டைத் துணையாக ஊரெல்லையில் மண்ணுருக்கொண்டு நிற்பதும் இவ்விலங்கே. பழந்தமிழர் இதனை ஞமலி என்றும் ஞாளி என்றும் வழங்கினர். நட்பின் திறம் கூறுமிடத்து நாலடியார் யானையினும் நாயையே மேலாக வைத்தது. இத்துணைப் பெருமையுடைய இதன் பெயரே நம் நாவில் வசைச்சொல்லாகவும் வழங்குகின்றது. புகழ்வாரும் பலர், இகழ்வாரும் பலர். இதன் வயிறும் தோலும் செவியும் நரம்பும் எவ்வாறு தொழில் செய்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவரே சிலர்.

நாய் வளர்ப்போர் பெரும்பாலும் அதற்கு ஒரு வேளை சோறிடுவர்; இரவிற் குரைக்க வேண்டுமென்று பகலெல்லாம் கட்டி வைப்பர்; அவ்வளவில் தம் கடமை முற்றியதெனக் கொள்வர். ஆயின் நாயின் நலம் நாயோடு நிற்பதன்று. அதன் குடற்புழு வீட்டுக் குழந்தையின் உடலிற் புகும். அதன் அச்சம் அண்டை வீட்டார் காலிற் பல்லாய்ப் பதியும். அதற்கு உரிய காலத்தில் இடாத ஓர் ஊசி ஓர் உயிரையே கொண்டுபோதலும் கூடும். ஆதலின் இப்பொருள் பற்றி நாம் அறிந்தனவற்றை ஈண்டு ஒருவாறு கூறப் புகுந்தோம்.

முதற்கண், நம் நாட்டு நாயினங்களைப் பற்றிச் சில சொல்லுதல் தகும். மதுரைக்குத் தென்மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள இராஜபாளையம் தன் பெயரால் வழங்கும் வெண்ணிற நாய்க்குப் புகழ்பெற்றது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாயினத் தபால்தலைகளுள் இராஜபாளையமும் ஒன்று. விருதுநகர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறை மெலிந்த உடலும் நீண்ட காலும் உடைய வேட்டை நாய்க்குப் பெயர்போனது. கன்னி என்பது அதற்கு உறவான கரிய நாய். மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கத்தால் அப்பெயர் வந்ததென்பர். தேனி மாவட்டத்துக் கோம்பையோ செந்நிற மேனியும் கரிய முகமும் உடையது. பிடித்த பிடியை எளிதில் விடாது. இவையனைத்தும் நம் வெயிலுக்கும் நம் கரிசல் நிலத்திற்கும் பழகியவை. தோலொட்டிய குறு மயிரும் அகன்ற மார்பும் அப்பழக்கத்தின் அடையாளங்களாம்.

இராஜபாளையத்து நாயைக் குறித்து ஓர் உண்மை பலரும் அறியற்பாலது. தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய குட்டியே உயர்ந்ததென்று நெடுங்காலமாக மக்கள் தேர்ந்தெடுத்து வந்தனர். இவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறத்தல் இத்தேர்வின் விளைவு. தோலுக்கும் மயிருக்கும் நிறந்தரும் நுண்ணிய உயிரணுக்கள் உட்செவியிலும் உள்ளன. அங்கே அவை அழகுக்கென நின்றனவல்ல. ஒலியை உணரும் நுண்மயிர்கள் உயிர்வாழ்தற்கு வேண்டிய சூழ்நிலையைக் காப்பன. நிறமணு உட்செவியை எட்டாத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் அந்நுண்மயிர்கள் அழிந்துபோகும், மீண்டும் முளையா. வெண்பூனைகளிலும் மேல்நாட்டு டால்மேஷன் நாய்களிலும் காணும் செவிடு இவ்வகையினதே. அழைத்தால் வாராத குட்டியை அடங்காப்பிடாரி என்று அடிப்பார் பலருளர். அடிக்குமுன், அது வேறுபக்கம் நோக்கியிருக்கையில், காற்றசைவும் நில அதிர்வும் படாத தொலைவில் நின்று ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். செவிட்டு நாயும் கைச்சைகையால் நன்கு பழகும். உறங்கும்போது மட்டும் அதனைத் திடீரெனத் தொடலாகாது. திடுக்கிட்டுக் கடிப்பது அதன் குற்றமன்று.

இனி உணவிற்கு வருவோம். நாய் ஓநாயின் வழிவந்தது. ஆதலின் அதற்கு இறைச்சியன்றி வேறெதுவும் ஆகாதென்பார் ஒரு சாரார். மனிதனோடு உண்டு பழகியதாகலின் எஞ்சிய சோறே போதுமென்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. 2013-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வொன்றில், மாச்சத்தைச் செரிக்கும் நீரைச் சுரப்பிக்கும் மரபுக்கூறு ஓநாயைவிட வீட்டு நாய்க்குப் பன்மடங்கு மிகுந்திருத்தல் காணப்பட்டது. வேளாண் மக்களின் குப்பைமேட்டை அடுத்து வாழத் தொடங்கிய நாள் முதல் அதன் குடல் நம் தானியத்திற்கு இசைந்து வந்திருக்கின்றது என்பதற்கு இது சான்று. எனவே சோறும் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் நாய்க்குச் செரிக்கும். நம் ஊர்ப்புறத்து வேட்டை நாய்கள் அவற்றையுண்டே முயல் துரத்தின. ஆனால் அவை முயலையும் தின்றன என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். நகரத்து முற்றத்தில் கட்டுண்டு கிடக்கும் நாய்க்கு முயலும் இல்லை, எலியும் இல்லை. அதற்கு மோர்ச்சோறு மட்டும் இடின் தசை வளர்க்கும் சத்துக் குறையும். வெறும் இறைச்சியே இடின் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து, வளரும் குட்டியின் முன்னங்கால்கள் வில்லென வளையும். பேருருக் கொள்ளும் இராஜபாளையத்துக் குட்டிகளில் இக்குறை விரைந்து தோன்றும். சோற்றோடு வேகவைத்த முட்டையோ, ஈரலோ, மீனோ, பருப்போ கலந்து, கேழ்வரகும் இடையிடையே சேர்த்தல் நன்று. முட்டையைப் பச்சையாய் இடவேண்டுவதில்லை. பச்சை வெண்கரு பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தைக் கட்டிவிடும்.

அளவு பற்றியும் ஒரு கணக்குக் காட்டுவோம். இருபது கிலோ எடையுள்ள, நாளும் ஓடியாடும் நாய் ஒன்றிற்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கலோரி வேண்டும். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரியும், ஒரு கோழிமுட்டையில் 75 கலோரியும் உண்டு. நம் தேநீர்க் கடைகளில் நாய்க்கென்று எறியப்படும் இனிப்பு பிஸ்கட்டிலோ 100 கிராமுக்கு ஏறக்குறைய 450 கலோரி. அன்பின் மிகுதியால் நாளைக்கு 100 கிராம் பிஸ்கட் கொடுப்பவர் அந்நாயின் பசியில் பாதியளவை மாவும் சர்க்கரையுமாய் அடைத்துவிடுகின்றார். நாய் பருத்ததா இளைத்ததா என்றறியத் தராசு வேண்டா. விலாப்பக்கம் கையை மெல்ல வைத்துப் பார்த்தால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தோன்றலாகாது.

நம் வீட்டுச் சமையலிலேயே நாய்க்கு நஞ்சாவன சில உள. கறிக்குழம்பில் மிதக்கும் வெங்காயமும் பூண்டும் அதன் குருதிச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்திலும் பிரியாணியிலும் இடும் உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாய்க்கு எவ்வளவு கேடு செய்யும் என்று முன்கூட்டியே சொல்லவியலாது. சாக்லேட்டு இதயத்தைப் படபடக்கச் செய்யும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாய்ப் பிளந்து குடலைத் துளைக்கும். ஆட்டுக்கறிக் கடைகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் பெயர்பெற்ற நம் நகரில் இவ்வெலும்பே நாய்களுக்கு நாள்தோறும் வீசப்படுகின்றது. காய்ச்சல் கண்ட நாய்க்குத் தாம் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்போரும் உளர். பூனைக்கு அம்மாத்திரை ஒன்றே உயிர்போக்கப் போதும்.

பூனையைப் பற்றி இங்கே ஒரு சொல். நாயைப்போற் பூனை சோற்றுக்கு இசைந்ததன்று. அது முற்றும் ஊனுண்ணி. ஊனில் மட்டுமே போதிய அளவிற் கிடைக்கும் டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் வேண்டுமளவு ஆக்கிக்கொள்ளாது. அச்சத்தின்றேல் அதன் விழித்திரை கெடும், இதயமும் தளரும். இதயத் தளர்ச்சிக்கும் அச்சத்திற்கும் உள்ள தொடர்பு 1987-இல் வெளியாயிற்று. புலால் விலக்கிய இல்லங்களில் பாற்சோறுண்டு தலைமுறை தலைமுறையாய்ப் பூனைகள் வாழ்ந்தனவே என்று வினவலாம். அவை பகலில் பாற்சோறும் இரவில் எலியும் பல்லியும் உண்டு வாழ்ந்தன. வீட்டார் முதலாவதை மட்டுமே கண்டனர். இக்காலத்து அடுக்குமாடி வீடுகளில் கதவடைத்து வளர்க்கப்படும் பூனைக்கு அந்த இரண்டாவது உணவு இல்லை. கிளியைப் பற்றியும் கேட்பாருளராகலாம். மீனாட்சியம்மையின் கையிற் கிளி அமர்ந்த ஊரில், திருக்கோயிலுள் கிளிக்கூட்டு மண்டபமென ஒன்று பெயர்பெற்று நிற்கும் ஊரில், கிளி வளர்க்கும் ஆசை இயல்பே. ஆயினும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூட்டில் அடைத்தல் குற்றமாகும். ஆதலின் அதன் தீனியைப் பற்றி நாம் எழுதவில்லை.

மீண்டும் நாய்க்கு வருவோம். அதன் உடலை அலைக்கும் நோய்களுள் முதலில் எண்ணத்தக்கது குடற்புழு. உருண்டைப் புழு தாய் வயிற்றிலேயே குட்டியின் உடலிற் புகுந்துவிடும். மெலிந்த உடலும் பானைபோன்ற வயிறுமாய்த் திரியும் குட்டியைக் கண்டு, ‘நன்றாய்த் தின்கின்றது’ என்று மகிழ்வார் உளர். அது தின்பதில் பெரும்பகுதி புழுவுக்கே செல்கின்றது. பிறந்த இரண்டாம் வாரம் தொடங்கி இரு வாரத்திற்கு ஒருமுறை, மூன்று மாதம் நிறையும்வரை குட்டிக்குப் புழுமருந்து கொடுத்தல் வேண்டுமென்பர் கால்நடை மருத்துவர். புழுவின் முட்டை மண்ணில் நெடுநாட் கிடக்கும். அம்மண்ணில் விளையாடிக் கைகழுவாது உண்ணும் சிறுவன் உடலில் அதன் குஞ்சு ஈரலிலும், சில வேளை கண்ணிலும் திரிந்து கேடு விளைக்கும். நாய்க்குப் புழுமருந்து கொடுத்தல் குழந்தைக்குச் செய்யும் மருத்துவமும் ஆமென்பது இதனாலேயே.

அடுத்தது உண்ணி. நம் வெப்பநாட்டில் இது ஆண்டு முழுவதும் பெருகும். உண்ணியின் வாய்வழியே சில நுண்கிருமிகள் நாயின் குருதியிற் கலந்து கடுங்காய்ச்சல் உண்டாக்கும். நாய் உணவை வெறுத்தல், ஈறு வெளிறுதல், காரணமின்றி மூக்கினின்று குருதி வடிதல் ஆகியன அதன் குறிகள். மூக்கிற் குருதி கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். காலத்தோடு மருந்திட்டாற் பெரும்பாலும் பிழைக்கும். உண்ணியை ஒழிக்க மண்ணெண்ணெய் பூசுதலும், பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டுதலும் ஊர்ப்புறங்களில் நிகழ்கின்றன. உண்ணி சாகும், நாயும் சாகும். நாய்க்கென்று விற்கும் உண்ணிமருந்துகளுள் சில பூனைக்குக் கொடிய நஞ்சாதலும் அறியத்தக்கது.

குட்டிகளைக் கூட்டங்கூட்டமாய் மாய்க்கும் பார்வோ என்னும் கழிச்சல் நோய் 1978-ஆம் ஆண்டிற்றான் உலகிற்குப் புலப்பட்டது. ஓயாத வாந்தியும் குருதி கலந்த நாற்றக் கழிச்சலும் அதன் அடையாளம். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் தடுப்பூசியும், பின்னர் மூன்று நான்கு வாரத்திற்கு ஒன்றாகக் குட்டி பதினாறு வாரம் அடையும்வரை தொடர் ஊசிகளும் இடல் வேண்டும். ஒன்றோடு நிறுத்திவிட்டு, ‘ஊசி போட்டும் செத்தது’ என்று வருந்துவார் பலர். தாய்ப்பாலின் வழி வந்த காப்பு குட்டியின் உடலில் இருக்குமளவும் ஊசியின் காப்பு ஊன்றாது. அது எந்த வாரத்தில் நீங்குமென்று குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஊசிகள் பல ஆனதற்கு இதுவே காரணம்.

சித்திரை வைகாசி வெயிலைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் எவ்வுயிரின் நலத்தையும் பேசவியலாது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்வை இல்லை. பாதத்தடியில் மட்டும் சிறிது உண்டு. நாவைத் தொங்கவிட்டு இளைத்து, ஈரத்தை ஆவியாக்கியே அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். அதன் இயல்பான உடல்வெப்பம் பாரன்ஹீட்டு 101 முதல் 102.5 டிகிரி வரை. 105-ஐக் கடந்தால் ஆபத்து. இளைப்பு மிகும், ஈறு செங்கல் நிறமாகும், கால் தள்ளாடும். உடனே நிழலிற் கிடத்திக் குளிர்ந்த நீரால் நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவரிடம் விரைதல் வேண்டும். தகரக் கொட்டகையின்கீழ்ச் சிமெண்டுத் தரையில் நண்பகலிற் கட்டிவைத்தல் அடுப்பில் வைத்தலோடு ஒக்கும். மூக்குச் சப்பையான பக் நாயும், பனிநாட்டு மயிர்ப்போர்வையோடு பிறந்த ஹஸ்கியும் இப்போது நம் தெருக்களிற் காணப்படுகின்றன. முன்னதற்கு மூச்சுவழி குறுகியது. பின்னதற்குப் போர்வை மிகுந்தது. கோம்பையும் சிப்பிப்பாறையும் பிறந்த நாட்டில் இவற்றை விலைகொடுத்து வாங்கி வெயிலிற் கட்டுவது என்ன அறிவோ, நாம் அறியோம்.

நாயின் நடத்தையை அறிதலும் அதன் உடல்நலத்தை அறிதல் போன்றதே. வாலாட்டினால் நட்பென்று குழந்தைகளுக்குக் கற்பிக்கின்றோம். உடல் முழுதும் நெளிந்து தாழ ஆட்டும் வால் வேறு. உடல் விறைத்து நிற்க, உயர்ந்து துடிக்கும் வால் வேறு. முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், உதட்டை நக்குதல், கண்ணின் வெண்மை தோன்ற ஓரமாய் நோக்குதல் ஆகியன ‘என்னை விட்டுவிடு’ என்று அது கூறும் முறைகளாம். அதையும் உணராவிடில் உறுமும். உறுமியதற்காக அடிபட்ட நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும். உண்ணும் நாயையும், குட்டியீன்ற நாயையும், கட்டப்பட்ட நாயையும் சிறுவர் அணுகலாகாது. கட்டப்பட்ட நாய் ஓடித் தப்பவியலாது. எனவே பற்களையே நம்பும். நாள் முழுதும் சங்கிலியிற் கிடப்பது காவலை வளர்ப்பதன்று, வெருட்சியை வளர்ப்பது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே குட்டி உலகைப் பழகும் பருவம். அக்காலத்தில் குழந்தைகள், முதியோர், மிதிவண்டி, மேளவொலி ஆகியவற்றை அன்போடு அறிந்த குட்டி பின்னர் எளிதில் வெருளாது. எட்டு வாரத்திற்கு முன் தாயினின்றும் பிரித்தலோ தவறு. கடிக்கும் வலிமையை அடக்கக் கற்பிக்கும் ஆசிரியர் அதன் தாயும் உடன்பிறந்த குட்டிகளுமே. தீபாவளி வெடியைக் கேட்டுக் கட்டிலின்கீழ்ப் புகும் நாயைக் கோழை என்று நகைப்பதும் வேண்டா. மனிதச் செவிக்கு எட்டாத மிக நுண்ணிய ஒலிகளையும் கேட்கும் செவி அது.

இறுதியாக, இக்கட்டுரைக்கு முதற்காரணமான வெறிநோயைக் கூறுவோம். உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் மாள்வதாக உலகச் சுகாதார நிறுவனத்தார் மதிப்பிட்டுள்ளனர். மனிதர்க்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது. கடிபடுவோருள் சிறுவர் பலர். அறிகுறி தோன்றியபின் பிழைத்தவர் உலகெங்கும் மிகச் சிலரே. அறிகுறி தோன்றுமுன் முறையாக மருந்திட்டுக்கொண்டவரோ ஏறக்குறைய எல்லாரும் பிழைக்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கால அளவு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம். கடிவாயிற் புகுந்த கிருமி நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகின்றது. தலையிலும் முகத்திலும் கடிபட்டால் அவ்வழி குறுகியது.

பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தாம் கண்ட மருந்தை முதன்முறையாக இட்டார். இந்தியாவில் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் 1900-இல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. தென்னாட்டிற் கடிபட்டவர் அத்துணைத் தொலைவு இரயிலேறிச் செல்லுமுன் நாட்கள் கழிந்தன. 1902-இல் லில்லி பாக்கனம் வால்ஷ் என்னும் ஆங்கில மங்கை இந்நோயால் இறந்ததையடுத்துத் தென்னாட்டுக்கும் ஒரு நிலையம் வேண்டுமென்னும் முயற்சி எழுந்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் துணைகொண்டு 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பார் ஆட்டு மூளையினின்று ஆக்கிய மருந்து வெளியூர்களுக்கு அனுப்புதற்கு ஏற்றதாயிருந்தது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டன்மார் அஞ்சிக் கூறியது இதனையே. நரம்புக்கே தீங்கு செய்தலும் சிறுபான்மை உண்டாகையால், இந்நாட்டில் அதன் ஆக்கம் 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. இக்காலத்து ஊசி தோள்பட்டையில் இடப்படுவது, வயிற்றை அணுகுவதேயில்லை. அரசினர் மருத்துவமனைகளில் தோலினுள் இடும் முறையில் முதல்நாள், அதினின்று 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என நான்குமுறை இடுகின்றனர். ஆழ்ந்த கடியாயின் காயத்திலேயே செலுத்தும் எதிர்ப்பூட்டு மருந்தொன்றும் வேண்டும். அதனை வினவிப் பெறுதல் இன்றியமையாதது.

ஆனால் மருத்துவமனைக்குச் செல்லுமுன் வீட்டுக் குழாயடியிலேயே செய்யவேண்டிய மருத்துவம் ஒன்றுண்டு. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். இக்கிருமியின் மேலுறை கொழுப்பாலாயது. சோப்பு அவ்வுறையைக் கரைத்துவிடும். எண்ணெய்ப் பாத்திரம் சோப்பில் தூய்மையாகும் அதே முறைதான். பதினைந்து நிமிடம் என்பது எண்ணுவதற்குச் சிறிது, செய்வதற்குப் பெரிது. கடிகாரத்தைப் பார்த்துச் செய்தாலன்றி இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். கழுவாமல் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் இவற்றை அப்புதல் கிருமியை உள்ளே அழுத்தி மூடுவதாகும். மந்திரிப்பதும் வேர் கட்டுவதும் காலத்தைப் போக்கும். காலமே இந்நோயில் மருந்து.

நம் ஊர்களில் இந்நோயின் சாவுக்கு ஒரு பெருங்காரணம் அறியாமை மட்டுமன்று, அச்சமும் ஆகும். தெருவில் நாய்க்குட்டியோடு விளையாடிக் கீறல் பட்ட சிறுவன், அடிவிழுமென்றும் ஊசிபோடுவரென்றும் அஞ்சித் தாயிடம் மறைக்கின்றான். சிறு கீறல் இரண்டு நாளில் ஆறிவிடும். அச்சிறுவனை அடியாத வீடாக நம் வீடு இருத்தல் வேண்டும். குட்டிதானே, வீட்டு நாய்தானே, பூனையின் நகந்தானே என்று விடுவதும் தகாது. ஊசி இட்ட நாயே கடித்ததாயினும் மருத்துவரிடம் காட்டி, அந்நாயைப் பத்து நாள் பார்த்துவரல் வேண்டும். மருந்தைத் தொடங்கிவிட்டே பார்த்துவரல் வேண்டும், பார்த்துவிட்டுத் தொடங்கலாமென்பது பிழை.

வெறிகொண்ட நாய் நீரைக் கண்டு அஞ்சுமென்று பலரும் எண்ணுகின்றனர். நீருக்கு அஞ்சுதல் மனிதர்க்கு வரும் குறி. வெறிநாய் நீரைக் கடந்தும் ஓடும். கோடையிற்றான் வெறி வருமென்பதும் கட்டுக்கதை. குரல் மாறுதல், கண்டதைக் கடித்தல், நோக்கின்றி ஓடுதல், எச்சில் வடிதல் இவை ஒருவகைக் குறிகள். மற்றொரு வகையோ அமைதியாய் வருவது. கீழ்த்தாடை தொங்கி, விழுங்கவியலாது, நாய் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிற்றென்று இரங்கி வாயினுள் கைவிடும் வளர்ப்பவரே இவ்வகையில் ஏமாறுபவர். தாடை தொங்கிய நாயின் வாயை வெறுங்கையால் தொடவேண்டா; தனியே அடைத்துக் கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

தெருநாய்களைக் கொன்றுவிட்டால் நோய் ஒழியாதோ என்பார்க்கு விடை இது. ஓரிடத்து நாய்களை அகற்றினால், குப்பையுணவு அங்கு எஞ்சியிருக்குமளவும் வேற்றிடத்து நாய்கள் வந்து நிரம்பும். வந்தவை ஊசி கண்டிரா. ஓர் ஊரின் நாய்களுள் நூற்றுக்கு எழுபதிற்கு ஆண்டுதோறும் ஊசியிட்டுவரின் நோய் பரவும் சங்கிலி அறுபடும். கோவாவில் இம்முறையைக் கையாண்டு, 2021-இல் அம்மாநிலம் வெறிநோய் கட்டுப்பட்ட பகுதியென அறிவிக்கப்பெற்றது. கருத்தடையும் ஊசியும் செய்து விடுக்கப்பட்ட தெருநாய்க்கு அடையாளமாக ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருக்கும். அதனைக் கண்டு, யாரோ கொடியவர் காதை அறுத்தனரென்று இரங்குவோர்க்கு இதனைச் சொல்லுதல் நலம்.

கல்லூரி விடுதிகளின் சமையற்கட்டுப் பின்புறம் எஞ்சிய சோற்றை நம்பி நாய்கள் சில எப்போதும் வாழ்வன. அவற்றுக்கு மாணவர் பெயரிடுவர். தேர்வு முடிந்து ஊர் செல்கையில் பிரிவாற்றாது வருந்துவர். அந்நாய்கள் எத்தனை, அவற்றுள் காதுநுனி வெட்டுண்டவை எத்தனை, இவ்வாண்டு ஊசி கண்டவை எத்தனை என்று விடுதிக்கு ஒருவர் எண்ணிக் குறித்துவைக்கலாம். செப்டம்பர் 28 பாஸ்டர் மறைந்த நாள். உலக வெறிநோய் நாளாகக் கொள்ளப்படுவது. அதனையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் கட்டணமின்றி ஊசியிடும் முகாம்கள் நடைபெறுவதுண்டு. ஒரு சணற்கயிறும், நாய் அறிந்த ஒரு குரலும், இரண்டு வேகவைத்த முட்டையும் இருந்தால் விடுதி நாயை அங்கே கொண்டுசெல்லுதல் அரிய செயலன்று.